கசாயக் குவளையும் சோற்றுத் தட்டும்

தமிழ்த்துறையினர்க்கும் மருந்துக்கும் என்ன தொடர்பு என்று இம்மலரைப் புரட்டும் வேற்றுத்துறை நண்பர்கள் வினவக்கூடும். தொடர்பு உண்டு. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்னும் மூன்றும் மருந்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டவை. சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் உடற்பிணி தீர்ப்பது போல ஒவ்வொரு பாட்டிலும் வரும் மூன்று கருத்துகள் உள்ளப்பிணி தீர்க்கும் என்று திரிகடுகத்தின் பெயர்க்காரணத்தை ஆண்டுதோறும் வகுப்பறையில் சொல்லி வருகிறோம். சிறுபஞ்சமூலம் என்றால் கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர் என்று தேர்வில் பிழையின்றி எழுதும் மாணவருள் பலர், அவற்றுள் நெருஞ்சியைத் தவிர வேறொன்றைக் கண்டதில்லை. நெருஞ்சியையும் கண்ணால் கண்டவரைவிடக் காலால் கண்டவரே மிகுதி.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' என்பது. அவ்வதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களிலும் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை என்பதை மாணவர்கள் கவனித்திருப்பார்களா என்று தெரியவில்லை. மருந்து என்று தலைப்பிட்டுவிட்டு, முன்னர் உண்டது செரித்ததா என்று பார்த்து, நன்கு பசித்த பின், உடலுக்கு ஒவ்வாதவற்றை நீக்கி, அளவோடு உண்பதைப் பற்றியே வள்ளுவர் பெரும்பகுதி பேசுகிறார். மருத்துவனும் நோயாளியும் கடைசி மூன்று பாக்களில்தான் வருகின்றனர். எல்லா மருந்துக்கும் முன்னால் இருக்கும் மருந்து சோறு என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

இன்று 'நோய் எதிர்ப்பாற்றல்' என்னும் சொற்றொடர் படித்தவர், படியாதவர் எல்லார் நாவிலும் வழங்குகிறது. 2020க்கு முன்னர் அது பாடநூற் சொல். அவ்வாண்டின் பங்குனிக்குப் பிறகு சுவரொட்டிச் சொல்லாயிற்று. எலுமிச்சைச் சாற்றிலிருந்து மெத்தை வரை எதை விற்க வேண்டினாலும் இச்சொல்லை முன்னால் கட்டி விற்றார்கள். சொல்லாராய்ச்சியைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, இச்சொல்லோடு எப்போதும் ஒட்டிவரும் 'கூட்டுதல்', 'பெருக்குதல்' என்னும் வினைகள்தாம் உறுத்தின. எதிர்ப்பாற்றல் என்ன, வங்கியில் போட்டு வளர்க்கும் தொகையா?

என் ஊர் திருத்தங்கல். சங்கப் புலவர் சிலரின் பெயரோடு சேர்ந்து நிற்கும் தங்கால் இதுவே என்பர். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் இடம்பெறும் ஊர். நின்ற நாராயணப் பெருமாள் கோயில் கொண்டிருப்பதால் வைணவர்க்கு 108 திருப்பதிகளுள் ஒன்று. இத்தனை பழமையும் இருக்க, வெளியூரார்க்கு இது 'சிவகாசிக்குப் பக்கத்து ஊர்' மட்டுமே. 2021இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைக்கப்பட்டபின் அந்தப் 'பக்கத்து' என்னும் சொல்லும் போயிற்று. தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் இவ்வூரின் உழவு. மழை பெய்யாத பூமியில் மருந்து காய்கிறது என்பார்கள். இங்கே மருந்து என்றால் வெடிமருந்து.

2020 ஏப்பிரலில் ஆலைகள் மூடிக் கிடந்த நாள்களில் எங்கள் தெருமுனையில் கபசுரக் குடிநீர் வழங்கினார்கள். எவர்சில்வர் அண்டா, காகிதக் குவளை, முகக்கவசம் அணிந்த இளைஞர்கள். பள்ளிவாசலுக்குச் செல்வோரும் கோயிலுக்குச் செல்வோரும் ஒரே வரிசையில் நின்றனர்; அப்போது இரண்டுமே பூட்டியிருந்தன. ஆரஞ்சுப் பழச்சாறு போல் ஒரே மூச்சில் குடித்த சிறுவர்களின் முகம் கோணியதைக் கண்டு பெரியவர்கள் சிரித்தது, அந்த நாள்களில் நான் கேட்ட அரிய சிரிப்புகளுள் ஒன்று.

அக்குடிநீரில் சேரும் சரக்குகள் பதினைந்து. சுக்கு, திப்பிலி, இலவங்கம், சிறுகாஞ்சொறி வேர், அக்கரகாரம், முள்ளி வேர், கடுக்காய்த் தோல், ஆடாதோடை, கற்பூரவள்ளி, கோட்டம், சீந்தில், சிறுதேக்கு, நிலவேம்பு, வட்டத்திருப்பி வேர், கோரைக்கிழங்கு. இப்பட்டியலை ஒரு கவிதை போலப் படிக்கலாம். ஆடும் தொடாத இலை என்பதால் ஆடாதோடை என்று விளக்கம் சொல்வதுண்டு. இப்பெயர்களை வைத்த முன்னோர் ஒவ்வொரு செடியின் அருகிலும் நின்று பார்த்தவர்கள். இம்மரபில் முஸ்லிம் மருத்துவர்க்கும் பங்குண்டு. இராமதேவர் என்னும் சித்தர் மக்கா சென்று யாகோபு என்னும் பெயர் பெற்றார் என்பது வழிவழி வரும் செவிவழிக் கதை. கதையை விடுத்து வரலாற்றுக்கு வந்தால், ஹக்கீம் பா. முகமது அப்துல்லா சாயபு பல பாகங்களாகத் தமிழில் எழுதிய 'அனுபோக வைத்திய நவநீதம்' இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் மதிக்கப்படும் நூல். ஆகவே இம்மரபைப் பழிப்பது என் நோக்கமன்று. அது என் பாட்டன் வீட்டுச் சொத்து.

ஆயினும் சொத்தின் மதிப்பை உள்ளவாறு அறிதல் வேண்டும்.

2006இல் தமிழகத்தைச் சிக்குன்குனியா முடக்கியது. 2012இல் டெங்கு வந்தது. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக் கடையநல்லூர் அந்நோயால் பெரிதும் தாக்குண்ட ஊர்களுள் ஒன்று. எங்கள் உறவினர் பலர் அங்கே உள்ளமையால் அந்நாள்களின் அச்சத்தை நான் அருகிருந்து அறிவேன். ஒரு தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் கிடந்தனர். அப்போது அரசே நிலவேம்புக் குடிநீரையும் பப்பாளி இலைச்சாற்றையும் மலைவேம்பு இலைச்சாற்றையும் மக்களுக்குப் பரிந்துரைத்தது. நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்குகள்: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். 2017இல் டெங்கு மீண்டும் பரவியபோது, உரிய ஆராய்ச்சி முடிவு வரும்வரை அதனை வழங்க வேண்டாம் என்று நடிகர் கமல்ஹாசன் தம் நற்பணி இயக்கத்தாரைக் கேட்டுக்கொள்ள, பெரும் வாதம் மூண்டது. வாதத்தில் இரு தரப்பாரும் குடிநீரைப் பற்றியே பேசினர். வீட்டுக்கு வீடு இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எவரும் பேசவில்லை.

டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையில் வளர்வதன்று. நாம் சேமித்து வைக்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. குழாயில் நாள்தோறும் தண்ணீர் வரும் ஊரில் குடும்பத் தலைவி இரண்டு குடத்தோடு நிறுத்திக்கொள்வாள். எங்கள் பக்கத்து ஊர்களில் தண்ணீர் வரும் நாளைப் பிறைபார்ப்பது போல் எதிர்பார்ப்பார்கள். ஆகவே வீடெங்கும் பிளாஸ்டிக் பீப்பாய்கள், சிமெண்டுத் தொட்டிகள், பழைய அண்டாக்கள். இறுக மூடப்படாத ஒவ்வொன்றும் ஒரு கொசுப் பண்ணை. வாரம் ஒருமுறை அதனைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவது எந்த மூலிகைக்கும் முற்பட்ட காப்பு. கைப்பு நீரை விருப்பத்தோடு குடித்தவர்கள், பீப்பாய்க்கு ஒரு மூடி வாங்கச் சோம்பினார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. மூடி உடைந்த பீப்பாய்தான் மலிவாகக் கிடைக்கும்.

எதிர்ப்பாற்றலைக் 'கூட்டுவது' பற்றிச் சொன்னேன். டெங்கு நச்சுயிரியில் நான்கு வகைகள் உள. ஒரு வகையால் ஒருமுறை காய்ச்சல் கண்டவருக்கு, பின்னாளில் வேறொரு வகை தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு மிகுதி. முதல் தாக்குதலின்போது உடல் உருவாக்கிய எதிர்பொருளே இரண்டாம் பகைவனுக்கு வாயில் திறந்துவிடுகிறது என்று மருத்துவ அறிவியலார் விளக்குகின்றனர். கொரோனாவிலும் இதைப் போன்றதொரு நிலையைக் கண்டோம். நோய் முற்றிய பலரின் நுரையீரலைச் சிதைத்ததில், கட்டு மீறிய அவர்தம் எதிர்ப்பாற்றலுக்கும் பங்கிருந்தது. உயிர்வளி தேவைப்படும் நிலையிலிருந்த நோயாளரின் இறப்பைக் குறைக்கிறது என்று 2020 ஜூனில் இங்கிலாந்தில் மெய்ப்பிக்கப்பட்ட மலிவு மருந்தாகிய டெக்சாமெத்தசோன், எதிர்ப்பாற்றலைக் கூட்டும் மருந்தன்று. அதனை அடக்கும் மருந்து. மிகுந்தாலும் நோய், குறைந்தாலும் நோய் என்று வளி முதலிய மூன்றையும் பற்றி மருந்து அதிகாரத்தின் முதற்குறள் சொல்வதை இங்கே எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. வள்ளுவர் நச்சுயிரியை அறிந்திருந்தார் என்று மேடையில் முழங்கும் அன்பர் கூட்டத்தில் நான் சேரவில்லை. சமன் என்னும் கருத்து அவருக்குத் தெரிந்திருந்தது. விளம்பரக்காரருக்குத் தெரியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கபசுரக் குடிநீர் பற்றிச் சிற்றளவில் நடந்த ஆய்வுகள் சில நம்பிக்கை தரும் முடிவுகளைச் சொல்லின. இலேசான நோயினர்க்கு அறிகுறிகள் விரைவில் தணிந்தன என்றன. ஆயின் உயிர்காக்கும் என்று உறுதி கூறத்தக்க பேராய்வு ஏதும் வரவில்லை. 2021 சனவரி 16 அன்று இந்நாட்டில் தொடங்கிய தடுப்பூசியே, எதிர்ப்பாற்றலுக்கு இன்ன பகைவன் என்று அடையாளம் காட்டும் வேலையைச் செய்தது. இயற்கை என்பதால் தீங்கில்லை என்னும் எண்ணமும் ஆராயத்தக்கது. சீந்தில் கொடியை மாதக்கணக்கில் தாமாகவே உட்கொண்டு கல்லீரல் பழுதுற்ற நோயாளர் சிலரைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினர்; ஆயுஷ் அமைச்சகம் அதனை மறுத்தது. வழக்கு எப்படி ஆயினும், சித்த மருத்துவம் பயின்றவர் நாடி பார்த்து, நாள் வரையறுத்துத் தருவது வேறு. அண்டை வீட்டார் சொன்னார் என்று ஆண்டு முழுவதும் குடிப்பது வேறு. வைட்டமின் டி மாத்திரையும் அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கருஞ்சீரகம் பற்றி எழுதாவிடின் எங்கள் வீட்டாரே என்னை விடமாட்டார்கள். மரணத்தைத் தவிர ஏனைய நோய்க்கெல்லாம் அதில் நிவாரணம் உண்டு என்னும் கருத்தமைந்த நபிமொழியை அறியாத முஸ்லிம் குடும்பம் இல்லை. அதே நபிகளார் நோய்க்கு மருத்துவம் தேடுமாறும் பணித்தார்கள். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்றும் அளவு காட்டினார்கள். முதல் மொழியை மட்டும் புட்டியின் மேல் அச்சிட்டு விற்பவர்கள் ஏனைய இரண்டையும் அச்சிடுவதில்லை. விற்பனைக்கு அவை உதவா.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

1988இல் என் பெரியம்மாவுக்குக் காசநோய் கண்டது. அப்போது எனக்கு எட்டு வயது. பெரியம்மாவும் என் அம்மாவும் வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டியவர்கள். குரோசுக் கணக்கில் கூலி. அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் வீடு முழுவதும் காய்ந்து கிடக்க, பசை வாடையிலேயே நாங்கள் படித்தோம், உண்டோம், உறங்கினோம். மருத்துவமனையில் ஊசியும் மாத்திரையும் விலையின்றிக் கிடைத்தன. ஓராண்டுக்கு மேல் உட்கொள்ள வேண்டும் என்றனர். ஆயினும் விலையின்றிக் கிடைப்பதன் மேல் நம் மக்களுக்கு நம்பிக்கை வருவதில்லை. 'உடம்பு தேற' என்று யாரோ சொன்ன டானிக்கை மாதம் இரண்டு புட்டி வாங்கினார்கள். கருஞ்சிவப்பு நிறம், இனிப்பு, மூடியிலேயே அளவு குறித்திருக்கும். அந்தப் புட்டிகளுக்காக முதலில் பருப்பு குறைந்தது. பிறகு பால் நின்றது. அதன்பின் பெரியம்மாவின் காதில் இருந்த கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை தோறும் வாங்கும் முட்டை இரண்டில் ஒன்று நோயாளிக்கு. மற்றொன்று வீட்டின் ஆண்மக்களுக்கு. பெரியம்மாவின் மகள், எங்கள் எல்லார்க்கும் அக்கா, அப்போது பதினைந்து வயதினர். தாய்க்குப் பதிலாகப் பெட்டி ஒட்டியவர் அவர். தாயின் எச்சில் கிண்ணத்தைக் கழுவியவரும் அவரே. எல்லாரும் உண்டபின் சட்டியில் எஞ்சிய சோற்றில் ரசத்தை ஊற்றிக் குடித்துவிட்டு மீண்டும் பசைக் கிண்ணத்தோடு அமர்வார். பெரியம்மா பிழைத்துக்கொண்டார். மாத்திரைகள் பிழைக்க வைத்தன. டானிக் பிழைக்க வைத்தது என்றே அவர் இறுதிவரை நம்பினார். அக்காவுக்கு இருமல் தொடங்கியபோது பெண் பார்க்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தமையால் வெளியே சொல்லவில்லை. 1992இல், பத்தொன்பதாம் வயதில் அவர் இறந்தார்.

அவர் இறப்புக்கு எதை, யாரைக் காரணம் சொல்வது என்று பல ஆண்டுகள் எனக்குத் தெளிவில்லை. 2023 ஆகஸ்டில் 'லான்செட்' குழும இதழ்களில் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றி அறிந்தபோதுதான் சில செய்திகள் விளங்கின. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தாரோடும் பிறரோடும் இணைந்து நடத்திய ஆய்வு அது. காசநோயாளர் 2,800 பேர். அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தோர் 10,345 பேர். நோயாளர் எல்லார்க்கும் உணவுப்பொருள் வழங்கினர். ஒரு பகுதியினரின் வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும், அதனோடு நுண்சத்து மாத்திரையும் கொடுத்தனர். மற்றொரு பகுதியில் வீட்டாருக்கு அவை இல்லை. முடிவு என்ன? உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. சளியில் கிருமி காணப்படும் தொற்றுவகை நோய் 48 விழுக்காடு குறைந்தது. நோயாளர்களுள் முதல் இரண்டு மாதங்களில் தம் எடையில் ஐந்து விழுக்காடு கூடியவர்க்கு இறக்கும் வாய்ப்பு 61 விழுக்காடு குறைந்தது.

அரிசியும் பருப்பும்! எந்த மலையிலிருந்தும் பறித்து வராதவை. எந்தப் புட்டியிலும் அடைக்கப்படாதவை. 'இயற்கை முறையில் எதிர்ப்பாற்றல்' என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நான் அறியேன். அந்த ஆய்வின் மொழியில் என் அக்கா 'நோயாளியின் வீட்டில் வாழ்பவர்'. அவருக்கு உரிய ஒன்றரைக் கிலோ பருப்பு டானிக் புட்டியாக மாறிப் பெரியம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தது.

உணவே போதும், மருந்து வேண்டா என்று யாரும் இதிலிருந்து முடிவு செய்துவிடலாகாது. அதற்கும் நம் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளரில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் தந்து பேணியது. மற்றொரு பகுதியினரை அவர்தம் எளிய வீட்டிலேயே வைத்துப் பார்த்தது. இரு சாராருக்கும் மருந்து ஒன்றே. 1959இல் வெளியான முடிவு உலகை வியக்க வைத்தது. வீட்டில் குறைந்த உணவு உண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். வந்த நோயைத் தீர்த்தது மருந்து. வராத நோயைத் தடுத்தது சோறு. ஒன்றின் வேலையை மற்றொன்றின் தலையில் சுமத்தும்போதுதான் இடர்ப்படுகிறோம். காசநோயாளர்க்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகை 2018 முதல் வழங்கப்பட்டு, 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அத்தொகை முட்டையாகிறதா, புட்டியாகிறதா என்று பார்ப்பவர் வீட்டிலிருந்துதான் வரவேண்டும்.

அடுப்படியின் நீதி பற்றி ஒரு பெண் என்னும் முறையில் சில சொற்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர். விழுக்காடு என்றால் யாரோ என்று தோன்றும். எங்கள் கல்லூரியில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த குருதிக்கொடை முகாமில் ஆர்வத்தோடு வரிசையில் நின்ற மாணவியருள் பாதிக்கு மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். கொடையாளர்க்கு ஈமோகுளோபின் 12.5 கிராம் வேண்டும். ஒருத்திக்கு 7.9 இருந்தது. அவள் பட்டாசுத் தொழிலாளியின் மகள். அடுத்த வாரம் அவளுடைய அம்மா என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு பை. பையில் வண்ணத் தகர டப்பா. உள்ளங்கைக் கோடுகளில் அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம் கழுவியும் போகாமல் படிந்திருந்தது.

"காலையில என்னம்மா சாப்பிடுறா?"

"காப்பித்தண்ணி குடிச்சிட்டு ஓடுறா டீச்சர். ஆறே முக்காலுக்கே பஸ்சு. நானும் ஆபீசுக்குப் போகணும்ல."

"இந்த டப்பா?"

"எதிர்ப்புச் சக்தியாம் டீச்சர். எண்ணூறு ரூவா. எல்லாச் சத்தும் இதுலயே இருக்குன்னாக. தவணையில வாங்குனேன். இவளுக்கு ஒரு கரண்டி, அவ தம்பிக்கு ஒரு கரண்டி."

"உங்களுக்கு?"

அவர் சிரித்தார். அச்சிரிப்பை நான் முன்பே எங்கோ பார்த்திருந்தேன்.

ஒரு முட்டை ஆறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் எண்ணூறு ரூபாய்க்கு நூற்று முப்பதுக்கு மேல் வரும். இக்கணக்கை அந்த அம்மையாரிடமும் சொன்னேன். எங்கள் கரிசல் நிலம் ஏழைக்கு என்று விளைவிப்பவற்றைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். கம்பும் குதிரைவாலியும் இங்கே விளைவன. மழைக்குப் பின் கரிசலில் தானே முளைக்கும் அதலைக்காய் கைப்பில் பாகற்காய்க்குத் தம்பி. பிஞ்சாகப் பறித்து வெங்காயத்தோடு வதக்கினால் சோற்றுக்கு இணையற்றது. முருங்கைக்கீரை வேலிக்கு வேலி உண்டு. அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனியைப் பாடம் நடத்தும்போதெல்லாம் அதன் வைட்டமின் சி பற்றிப் பெருமையடித்துக்கொள்கிறோம். கொய்யாவும் அதற்கு அருகில் நிற்பது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி நூறு கிராம் நெல்லியில் 252 மில்லிகிராம். கொய்யாவில் 200க்கு மேல். கீரை, பயறு ஆகியவற்றின் இரும்புச் சத்தை உடல் ஏற்க இப்புளிப்பு உதவும். உணவோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் அதே சத்து வீணாகும். 7.9 உள்ளவளுக்கு உணவு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பினோம். மாத்திரை அங்கே விலையின்றிக் கிடைக்கும் என்றதும் அந்த அம்மையாரின் முகத்தில் ஓர் ஐயம் தோன்றி மறைந்தது. அதையும் நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

நம் அரசுகளுக்கு இவ்வுண்மை நெடுங்காலமாகத் தெரியும். விருதுநகரில் பிறந்த காமராசர் 1956இல் மாநிலம் முழுவதும் விரித்த மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாகப் பெருக்கியது, பின்னர் அதனோடு கூடிய முட்டை, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவு என்று ஒரு தொடர்ச்சி இருக்கிறது. ஆனால் அத்தட்டு பள்ளியோடு முடிந்துவிடுகிறது. கல்லூரி வாயிலுக்குள் நுழையும் பிள்ளைக்குப் பசிக்காது என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை.

ரமலான் மாதத்தில் எங்கள் தெருவில் அந்த எண்ணம் மாறிவிடும். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால், முடிந்தால் சிறிது கொத்துக்கறி. பள்ளிவாசல் கஞ்சிக் கொப்பரைக்கு முன் தூக்குச் சட்டியோடு நிற்கும் பிள்ளையிடம் நீ எந்தத் தெரு, எந்த மதம் என்று கேட்பதில்லை. 2020 நோன்பில் பள்ளிவாசல்கள் மூடியிருந்தமையால் கஞ்சி அரிசியை வீடுகளுக்கே பகிர்ந்தளித்தனர். தெருமுனையில் கபசுரக் குடிநீர் வாங்கிய அதே வீடுகளுக்கு அரிசியும் போய்ச் சேர்ந்தது. ஆலை மூடி ஆறு வாரம் ஆகியிருந்த அவ்வேளையில் எது எதிர்ப்பாற்றல் தந்தது என்று யாரும் ஆய்வு நடத்தவில்லை. எனக்கு ஐயமில்லை.

ஆண்டு முழுவதும் ரமலான் வாராதாகையால் எங்கள் துறையில் ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். முதல் மணி முடிந்ததும் பத்து நிமிடம். முந்தைய நாள் ஊறவைத்த கொண்டைக்கடலை, அவித்து, எலுமிச்சை பிழிந்து, ஆளுக்கு ஒரு கிண்ணம். செலவை ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்கிறோம். காலையில் உண்ணாதவர் மட்டும் வருக என்று முதலில் அறிவித்தபோது ஒருவரும் வரவில்லை. எல்லாரும் வருக என்று மாற்றியபின் எல்லாரும் வருகிறார்கள். மாணவர்கள் மாணவியரின் பங்கையும் தின்றுவிடாதபடி மாணவியர்க்கே முதலில் வழங்குகிறோம். 7.9 இருந்த அப்பெண் ஐந்து மாதம் கழித்துச் சோதித்தபோது 10.8 காட்டியது. அதில் அரசு மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, கடலைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. அடுத்த பருவத்தில் கடலையோடு தட்டைப்பயறும் வாரம் இருமுறை முட்டையும் சேர்க்க எண்ணியுள்ளோம். முட்டைக்குத்தான் இன்னும் நிதி திரளவில்லை.